கிணற்றில் தண்ணீர் இல்லை, கணக்கில் மோட்டார் ஓடுகிறது!

  

வருசா வருசம் ஒரு செய்தி வருகிறது. "நாட்டில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை விவசாயம் எடுத்துக்கொள்கிறது" என்று பேப்பரில் போடுகிறார்கள். டி.வி.யில் கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து, "இலவச மின்சாரம் கொடுத்தே மின்வாரியம் திவாலாகிவிட்டது" என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளையே "நாம இவ்வளவா கரண்ட் எடுக்கறோம்?" என்று திருப்பிக் கேட்கிறது.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தக் கணக்கை அளந்தது யார்? எந்த மீட்டரில் அளந்தார்கள்? தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்பு இருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. மீட்டர் இல்லாத மோட்டார் இத்தனை கோடி யூனிட் இழுத்தது என்று எப்படி எழுதினார்கள்?

எழுதிய விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் நம் தலையில் எதைக் கட்டுகிறார்கள் என்பது புரியும். அதற்காகத்தான் இந்தப் பிரசுரம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் கொடுங்கள்.

அளந்த கணக்கு ஒன்று, அனுமானக் கணக்கு ஒன்று

நாட்டின் எரிசக்திக் கணக்கு டெல்லியில் தயாராகிறது. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் கணக்கு சேர்க்கிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, மின்சாரம் உற்பத்தி செய்பவரும் வினியோகம் செய்பவரும் அந்த ஆணையம் கேட்கிற விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படி வந்ததைத் தொகுத்து ஆண்டுக்கொரு புத்தகம் போடுகிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு புத்தகம் போடுகிறது. அந்த எண்களை எடுத்துத்தான் உலக வங்கி பேசுகிறது, பாரிசில் இருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை பேசுகிறது, நம்மூர் பேப்பரும் பேசுகிறது.

இந்தப் புத்தகங்களில் இருக்கிற எல்லா எண்ணும் ஒரே மாதிரி வந்தவை அல்ல. சுரங்கத்திலிருந்து ரயிலேறும் நிலக்கரியை எடை போடுகிறார்கள். அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறும் மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மீட்டர் இருக்கிறது, பல்லடத்து விசைத்தறிக்கு மீட்டர் இருக்கிறது, நம் வீட்டு லைட்டுக்கும் மீட்டர் இருக்கிறது. நம் தோட்டத்துக்குப் பக்கத்தில் சுற்றுகிற காற்றாலைக்கு மீட்டர் இருக்கிறது. அது உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டும் எண்ணப்பட்டு, எந்த மில்லின் கணக்கில் கழிக்க வேண்டுமோ அந்த மில்லின் கணக்கில் கழிக்கப்படுகிறது. ஒரு யூனிட் தவறினாலும் அடுத்த நாளே மேனேஜர் ஆபீசில் வந்து நிற்பார்.

அந்தக் காற்றாலையின் நிழல் விழுகிற நம் கிணற்று மேட்டில்? அங்கே அனுமானம்தான்!

மின்சாரம் மட்டுமல்ல, டீசலும் அப்படித்தான். எவ்வளவு டீசல் விற்றது என்பது எண்ணெய்க் கம்பெனிக்குத் துல்லியமாகத் தெரியும். பங்கில் கேனில் பிடித்துப்போன டீசல் லாரிக்குப் போனதா, டிராக்டருக்குப் போனதா, என்ஜினுக்குப் போனதா என்று தெரியாது. பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பிரிவு ஒரு தனியார் நிறுவனத்தை வைத்து, பங்குகளில் விசாரித்து ஒரு ஆய்வு செய்தது. 2014 ஜனவரியில் வெளிவந்த அந்த ஆய்வு, டீசலில் சுமார் 70 விழுக்காடு போக்குவரத்துக்கும் 13 விழுக்காடு விவசாயத்துக்கும் போகிறது என்று சொன்னது. ஆள் வைத்து விசாரித்து, அதைப் பெருக்கி வந்த மதிப்பீடு அது.

விறகு? 2011-12இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமத்துக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு விறகில்தான் முக்கியமாகச் சமைப்பதாகச் சொன்னது. அந்த விறகு எத்தனை டன் என்று எந்தத் தராசும் நிறுக்கவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கேட்டு எழுதி, நாட்டுக்குப் பெருக்கிக்கொள்கிறார்கள்.

அதற்கும் முந்தி நம் தாத்தாமார் கவலை ஓட்டினார்களே, சாலும் வடமும் கட்டி, விடியக் கருக்கலில் எருதைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடத்தி ஏக்கரா ஏக்கராவாகத் தண்ணீர் பாய்ச்சினார்களே, அந்த எருதின் சக்தியும் ஆளின் சக்தியும் எந்தப் புத்தகத்திலும் ஏறவே இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்து, மோட்டார் வைத்த பிறகுதான் நம் கிணறு கணக்குக்குள் வந்தது. வந்ததும் குற்றவாளிக் கூண்டில் வந்து நின்றது.

ஆக, அளந்து எழுதும் பத்தி ஒன்று, அனுமானித்து எழுதும் பத்தி ஒன்று. கம்பெனிக்காரர் முதல் பத்தியில் இருக்கிறார். விவசாயி எப்போதும் இரண்டாவது பத்தியில்தான். அனுமானத்தில் எழுதுகிற எண்ணைப் பேனா பிடித்தவர் நினைத்தபடி கூட்டலாம், குறைக்கலாம். இதுதான் விசயம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்... ஆனால் பானை ஒன்றா?

விவசாய மின்சாரத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்? முறை எளிமையானது. மாநிலம் பூராவும் ஒரு சில மோட்டார்களைப் பொறுக்கி, அவற்றில் மீட்டர் வைக்கிறார்கள். இதற்கு மாதிரி மீட்டர் என்று பெயர். அந்த மீட்டர்களில் ஒரு எச்.பி.க்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று சராசரி எடுக்கிறார்கள். மாநிலத்தில் உள்ள மொத்த விவசாய எச்.பி.யால் அதைப் பெருக்குகிறார்கள். வருகிற விடைதான் "விவசாயிகள் பயன்படுத்திய மின்சாரம்".

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழிதான். மாதிரி எடுத்துக் கணக்குப் போடுவதை நாம் தப்பு என்று சொல்லவில்லை. முறையாகச் செய்தால் அது நல்ல முறை. ஆனால் அந்தப் பழமொழி ஒரே பானைக்கு, ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வேகிற அரிசிக்குச் சொன்னது. நம் கிணறுகள் ஒரே பானையா?

தஞ்சாவூர்ப் பக்கம் மேலாகவே தண்ணீர் கிடைக்கிற பம்புசெட் ஒரு பானை. அமராவதி பழைய ஆயக்கட்டில், ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊறிக்கொள்ளும் கிணறு ஒரு பானை. குண்டடம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு, அரை மணி ஓட்டி இரண்டு மணி நேரம் ஊற விட்டு, மறுபடியும் அரை மணி ஓட்டுகிற தோட்டம் இன்னொரு பானை. உப்பாறு அணைக்குத் தண்ணீர் விட்ட வருசம் ஒரு பதம், விடாத வருசம் வேறு பதம். இத்தனை பானைக்கும் ஒரே சோற்றைத் தொட்டுப் பார்த்தால் எப்படி?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 3.73 யூனிட். மோட்டாரின் தேய்மானத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடும், அதை விடுங்கள். பகலில் 6 மணி, இரவில் 3 மணி, ஆக 9 மணி நேர மும்முனை மின்சாரம் என்பது வெகுகாலமாக நாம் கேட்டுப் பழகிய கணக்கு. 365 நாளும், 9 மணி நேரமும், ஒரு நிமிசம் விடாமல் மோட்டார் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 12,250 யூனிட் ஆகும். அதாவது எச்.பி.க்கு 2,450 யூனிட்.

இப்போது ஊற்று குறைந்த கிணற்றுக்காரர். நாளைக்கு 2 மணி நேரம் ஓட்டினால் மோட்டார் காற்றை இழுக்கிறது. வருசத்தில் 200 நாள் ஓட்டுகிறார் என்று வையுங்கள். 400 மணி நேரம். சுமார் 1,490 யூனிட். எச்.பி.க்கு 300 யூனிட்கூட இல்லை!

அதே 5 எச்.பி., அதே மாநிலம், அதே இலவச மின்சாரம். ஒரு தோட்டத்துக்கும் இன்னொரு தோட்டத்துக்கும் எட்டு மடங்கு வித்தியாசம் வரலாம். மாதிரி மீட்டரை எந்தக் கிணற்றில் வைக்கிறீர்கள் என்பதை வைத்தே மாநிலத்தின் கணக்கு மாறிப்போகும். தண்ணீர் உள்ள கிணறாகப் பார்த்து வைத்தால் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு வரும்.

பெருக்குகிற எச்.பி. மட்டும் சரியா? கிணறு வற்றி, தோட்டம் மனையிடமாகி, சர்வீஸ் கம்பி தொங்கிக்கொண்டிருக்கிற இணைப்புகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. பதிவேட்டில் அவை உயிரோடு இருக்கும் வரை, அந்த எச்.பி.யும் பெருக்கலில் வரும். இன்னொரு பக்கம், 5 எச்.பி.க்கு அனுமதி வாங்கி ஏழரை போட்டிருப்பவரும் ஊருக்கு நாலு பேர் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆக மொத்தத்தில், பெருக்குகிற எண்ணும் சரியில்லை, பெருக்கப்படுகிற எண்ணும் சரியில்லை. விடை மட்டும் கடைசி இலக்கம் வரைக்கும் அச்சாகி வருகிறது!

2016-17இல் தமிழ்நாடு கண்ட வறட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். தென்னைகள் நின்ற வாக்கில் காய்ந்தன. வெட்டின கட்டைக்கும் விலை இல்லை. கிணற்றடியில் மோட்டார் துருப்பிடித்தது. அந்த வருசம் நம் கிணறு வறண்ட மாதிரி, விவசாய மின்சாரக் கணக்கும் வறண்டதா? ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

காணாமல் போன யூனிட் யார் வீட்டுக்குப் போனது?

இதில் மின்வாரியத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு பேச்சுக்கு ஒரு சப் ஸ்டேசனை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து கிராமத்து ஃபீடரில் 100 யூனிட் வெளியே போகிறது. அந்த லைனில் வீடுகள், தறிகள், தேங்காய்க் களம், எண்ணெய் செக்கு, கோழிப்பண்ணை, நம் மோட்டார்கள் எல்லாம் இருக்கின்றன. மீட்டர் உள்ளவர்களுக்குப் பில் போட்டது 60 யூனிட். மீதி 40 யூனிட் எங்கே?

அந்த 40இல் ஒரு பகுதி நம் மோட்டாருக்குப் போனது. ஒரு பகுதி நீளமான பழைய கம்பியிலும், சுமை தாங்காத டிரான்ஸ்பார்மரிலும் சூடாகி வீணானது. ஒரு பகுதி திருட்டு, ஓடாத மீட்டர், தப்புப் பில். விவசாயம் 15, இழப்பு 25 என்றும் எழுதலாம். விவசாயம் 25, இழப்பு 15 என்றும் எழுதலாம். இரண்டு விதமாக எழுதினாலும் கூட்டுத்தொகை 40தான். மேலே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

எப்படி எழுதினால் வாரியத்துக்கு நல்லது? இழப்பு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு போடுகிறது. வரம்பைத் தாண்டினால் அந்த நட்டத்தை ஜனங்கள் தலையில் கட்டணமாக ஏற்ற முடியாது. விவசாயம் என்று எழுதினாலோ அரசு மானியம் தருகிறது, வாரியத்தின் நிர்வாகமும் நல்ல பேர் வாங்குகிறது. பிறகு எந்தப் பத்தியில் எழுதத் தோன்றும்? நீங்களே சொல்லுங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இது நம் சந்தேகம் மட்டுமல்ல

விவசாயி சொன்னால் நம்ப மாட்டார்கள். சரி, மற்றவர்கள் சொன்னதைப் பார்ப்போம்.

ஒரிசாவில் 1990களில் மின்வாரியத்தைப் பிரித்துத் தனியாருக்குக் கொடுக்கப் போனார்கள். வாங்க வருகிறவன் கணக்கைக் கேட்பான் அல்லவா? கணக்கைத் திருப்பிப் போட்டபோது, அதுவரை சொல்லிவந்த மின் இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறியது. ஒரே ராத்திரியில் கம்பி பழசாகிவிட்டதா? இல்லை. அதுவரை வேறு பத்தியில் எழுதி வைத்திருந்தது வெளியே வந்தது. ஆந்திராவிலும் சீர்திருத்தம் வந்தபோது இதே கதை. விவசாயக் கணக்கு இறங்கியது, இழப்புக் கணக்கு ஏறியது.

உலக வங்கி விவசாயிக்கு வக்காலத்து வாங்குகிற இடம் அல்ல. அந்த உலக வங்கியே ஹரியானாவில் பம்புசெட்டுகளில் மீட்டர் வைத்துப் பார்த்து, 2001இல் அறிக்கை போட்டது. விவசாயிகள் உண்மையில் எடுத்த மின்சாரம், வாரியம் சொன்னதைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்று வந்தது. இழப்பு 33 விழுக்காடு என்று வாரியம் சொன்னது, உண்மையில் 47 விழுக்காடு என்று வந்தது.

மகாராஷ்டிராவில் விவசாயிகளும் நுகர்வோர் அமைப்புகளும் பல வருசம் சத்தம் போட்டார்கள். ஒழுங்குமுறை ஆணையம் செயற்குழு அமைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யை வைத்து ஆய்வு நடந்தது. விவசாயக் கணக்கு உப்பிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. 2020 மார்ச்சில் வந்த ஆணையில் விவசாயப் பயன்பாட்டைக் குறைத்து, மின் இழப்பை உயர்த்தி எழுதினார்கள். சத்தம் போட்டதால்தான் கணக்கு மாறியது. தானாக மாறவில்லை!

மூன்று நான்கு மாநிலத்தில் இப்படி என்றால், நம் மாநிலக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்வது தப்பா?

எச்.பி.க்கு எவ்வளவு?

கரண்டுக் கணக்கு நமக்குப் புதுசு அல்ல. ஒரு பைசாவுக்காக உயிர் கொடுத்த மண் இது. 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகள் அடைத்தன. சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த அந்தப் போராட்டங்களின் விளைச்சல்தான் பின்னால் வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. கட்டணம் போனது. மீட்டர் பார்க்கிற வேலையும் போனது.

2003இல் எச்.பி.க்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று ஆணை வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னார்கள். அந்த மே மாதமே அது ரத்தானது. அன்றிலிருந்து நமக்குப் பதிலாக அரசு மானியமாகக் கட்டுகிறது. அந்த விலை எப்படி ஏறியது பாருங்கள். 2012 ஆணையில் எச்.பி.க்கு ஆண்டுக்கு 1,750 ரூபாய். 2013இல் 2,500 ரூபாய். 2014 டிசம்பரில் 2,875 ரூபாய்.

5 எச்.பி.க்கு 2,875 வீதம் ஆண்டுக்கு 14,375 ரூபாய். தண்ணீர் உள்ள கிணறானாலும் அதே ரூபாய், காய்ந்த கிணறானாலும் அதே ரூபாய். பதினோரு வருசத்தில் விலை பதினோரு மடங்குக்கு மேல் ஏறியது. நம் மோட்டார் பதினோரு மடங்கு ஓடியதா? நம் வெங்காயத்துக்கும் முருங்கைக்கும் பதினோரு மடங்கு விலை கிடைத்ததா? அந்தப் பணத்தில் ஒரு பைசா நம் கையில் வந்ததில்லை. அரசு ஒரு கையால் எடுத்து வாரியத்தின் கையில் கொடுக்கிறது. பேர் மட்டும் "விவசாயிகளுக்கு மானியம்".

"இலவசம்தான் வருதே, கணக்கு எப்படிப் போனா நமக்கென்ன?"

நம் ஆட்களே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

இன்றைக்கு உப்பிப்போன எண், நாளைக்கு இலவசத்தை வெட்டுகிற கத்தி. 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதா வரைவு என்ன சொன்னது? முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு, மானியத்தைப் பிறகு வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றது. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகள், வேளாண் சட்டங்களோடு சேர்த்து இதையும் எதிர்த்தார்கள். 2022 ஆகஸ்டில் வேறொரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்து நிலைக்குழுவுக்குப் போனது. 2021இல் மாநிலங்களுக்குக் கூடுதல் கடன் வாங்க அனுமதி கொடுத்தபோதும், விவசாயம் உட்பட மீட்டர் வைத்து அளக்கிற மின்சாரத்தின் அளவு எவ்வளவு என்பதை ஒரு மதிப்பெண்ணாக வைத்தார்கள். அதே ஆண்டு வந்த மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் ஸ்மார்ட் மீட்டரிலிருந்து விவசாயத்துக்கு விலக்கு இருக்கிறது. விலக்கு கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த வாதம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற கல் ஒன்றுதான்: "விவசாயி இவ்வளவு கரண்ட் எடுக்கிறான்." அந்தக் கல்லைப் புரட்டிப் பார்க்காமல் மேலே எழும்பும் சுவரோடு மட்டும் முட்டிக்கொண்டிருந்தால் மண்டைதான் உடையும்.

இன்னொன்று. விவசாயத்துக்கு ஏற்கெனவே இவ்வளவு போகிறது என்று காட்டித்தான் புது இணைப்புகளை வருசக்கணக்கில் காக்க வைக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புது இணைப்பு கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, அதைவிடப் பல மடங்கு மனுக்கள் வரிசையில் கிடந்தன. மனுப் போட்டுவிட்டு மகன் காலம் வரை காத்திருக்கிற குடும்பங்கள் நம் வட்டாரத்திலேயே உண்டு. இல்லாத யூனிட்டை இருப்பதாக எழுதினால், அதன் விலையை முதலில் கொடுப்பவர் இணைப்பே கிடைக்காத அந்த விவசாயிதான்.

அப்படியானால் மீட்டர் வைக்கச் சொல்கிறீர்களா?

இதுதான் சிக்கலான இடம். பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2003 சட்டத்தின் 55ஆவது பிரிவு மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக்கூடாது என்கிறது. புது இணைப்புகளுக்கு மீட்டர் வைக்கும் பேச்சு 2020இல் வந்தபோது, அளவு தெரிந்துகொள்ளத்தான், கட்டணம் வாங்க அல்ல என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். இன்றைக்கு நல்ல மனசோடு சொன்னதாகவே இருக்கட்டும். மீட்டர் சுவரில் ஏறிவிட்டால், பில் போடுவதற்கு ஒரு காகித உத்தரவு போதும். மேற்கு வங்கத்தில் 2007 முதல் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு மீட்டர் வைத்தார்கள். அங்கே விவசாயி யூனிட் கணக்கில் பணம் கட்டுகிறார். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். ஆகவே கிணற்று மேட்டில் மீட்டர் வேண்டாம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அளவே வேண்டாம் என்று நாம் சொன்னால், அனுமானம் எழுதுகிறவர் கைக்கு நாமே பேனா எடுத்துக் கொடுத்த மாதிரி. மீட்டர் இல்லாதது நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தோம். அதுவே வாரியத்துக்கும் மறைப்பாகிவிட்டது.

வழி இருக்கிறது. அளவு டிரான்ஸ்பார்மரில் இருக்கட்டும், ஃபீடரில் இருக்கட்டும். ஒரு டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு யூனிட் இறங்கியது, அதில் பில் போட்டது எவ்வளவு என்று ஊருக்குத் தெரிந்தால், மீதி எவ்வளவு என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கழித்துச் சொல்லும். விவசாயம் மட்டும் உள்ள டிரான்ஸ்பார்மர்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தனித்தனி விவசாயி மேல் பில் போட அதில் இடமில்லை. வாரியம் தன் இழப்பை நம் பேரில் எழுதவும் இடமில்லை. குஜராத்தில் 2003 தொடங்கி விவசாயத்துக்குத் தனி ஃபீடர் போட்டார்கள். செய்ய முடியாத காரியம் அல்ல.

அப்படி அளந்து, நாம் எடுப்பது அவர்கள் சொல்வதைவிட அதிகம் என்று வந்தால்? வரட்டும்! ஆயிரம் அடிக்குப் போன தண்ணீரை மேலே கொண்டுவர அவ்வளவு கரண்ட் ஆகிறது என்று நாடு தெரிந்துகொள்ளட்டும். ஏரி குளத்தைத் தூர்க்க விட்டது யார், ஊற்று இறங்கியது ஏன் என்ற பேச்சு அப்போதாவது தொடங்கும். உண்மைக்கு நாம் பயப்படவில்லை. அனுமானத்துக்குத் தண்டனை வாங்க மாட்டோம் என்கிறோம்.

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு பிரிவு அலுவலகத்திலும் உள்ள மாதிரி மீட்டர்களின் பட்டியலை வெளியிட வேண்டும். எந்த ஊர், எத்தனை எச்.பி., மீட்டர் ஓடுகிறதா நிற்கிறதா என்பது விவசாயிகளுக்குத் தெரிய வேண்டும்.

2. கிணற்றின் ஆழம், ஆற்றுப் பாசனம், போர்வெல், மழை அளவு ஆகியவற்றைப் பார்த்து வட்டாரவாரியாக மாதிரி எடுக்க வேண்டும். மாநிலம் பூராவுக்கும் ஒரே சராசரி கூடாது.

3. வற்றிய, கைவிட்ட கிணறுகளின் எச்.பி.யைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். கழித்ததைக் காரணம் காட்டி விவசாயியின் இணைப்பு உரிமையைப் பறிக்கக் கூடாது.

4. கிராமத்து டிரான்ஸ்பார்மர்களிலும் ஃபீடர்களிலும் மீட்டர் வைத்து, மாதாந்திர அளவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

5. மின் இழப்பையும் விவசாயப் பயன்பாட்டையும் தனித்தனியாக, எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற விளக்கத்தோடு வெளியிட வேண்டும். டெல்லிக்கு அனுப்பும் எண்ணில் எது அளந்தது, எது அனுமானித்தது என்று குறிப்பிட வேண்டும்.

6. தனி விவசாயியின் மோட்டாருக்கு மீட்டர் வைக்கும் முயற்சியைக் கைவிட வேண்டும். இலவச மின்சாரம் தொடர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை எழுதிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். நம் பிரிவில் எத்தனை மாதிரி மீட்டர், எந்தக் கிணறுகளில், கடந்த மூன்று வருசத்தில் எவ்வளவு யூனிட், மொத்த விவசாய எச்.பி. எவ்வளவு என்று நாலு கேள்வி போதும். ஊருக்கு ஒருவர் மனுப் போடுங்கள்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, எந்தக் கூட்டமானாலும் சரி. நம் டிரான்ஸ்பார்மர் கணக்கு நம் ஊருக்கு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் சும்மா இருந்தால் இதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டண உயர்வுக்கு முன்னால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்தது. அடுத்து எப்போது நடந்தாலும் பச்சைத் துண்டோடு பஸ் ஏற வேண்டும். அங்கே போய்க் கூச்சல் போட வேண்டியதில்லை. "விவசாயக் கணக்கை எப்படி எழுதினீர்கள்?" என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து கேட்டால் போதும்.

உங்கள் தோட்டத்து மோட்டார் தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தேதி, ஓடிய நேரம், மும்முனை வந்த நேரம், இந்த மூன்று பத்தி போதும். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே எழுதலாம். ஒரு வருசம் ஆயிரம் தோட்டத்தில் இப்படி எழுதினால், நம் வட்டாரத்துக்கு நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். அனுமானத்தோடு வருகிறவர் முன்னால் அதை விரித்துப் போடலாம்.

வாரியம் 2010இல் கழகமானது, 2024இல் மறுபடியும் பிரிந்து பேர் மாறியது. பலகை மாறினாலும் கணக்கு எழுதுகிற வழக்கம் மாறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் பேரில் எழுதிய ஏட்டுச் சுரைக்காயோ, கறிக்கு உதவாததோடு நிற்கவில்லை. நம் அடுப்பையே அணைக்கப் பார்க்கிறது.

ஒரு பைசா ஏற்றத்தை எதிர்த்து நின்ற மண்ணில், ஒரு யூனிட் பொய்யையும் எதிர்த்து நிற்போம்!

அளக்காத கணக்கை ஏற்க மாட்டோம்!
கிணற்று மேட்டில் மீட்டர் வேண்டாம்! டிரான்ஸ்பார்மர் கணக்கு ஊருக்கு வேண்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!